பன்னிரண்டு அடி அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை பெரிதாக இருந்தது உண்மை. ஐந்து சென்டிமீட்டர். நான் செய்த விமானக் கொட்டகை மாதிரியோ நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அந்தப் பொம்மை பன்னிரண்டு அடி உயரப் பெண்ணாக வரும். பக்கத்தில் நிற்கிற விமானத்தின் சக்கரம் அவள் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஸ்கேல் வைத்து யாருக்கு வேண்டுமானாலும் அளந்து காட்ட நான் தயார். ஆனால் நான் அதைப் பிடுங்கி எடுத்தது அதற்காக இல்லை. எதற்காக என்று எழுத உட்கார்ந்தால் காது சுடுகிறது. சுடட்டும்.

என் பெயர் தென்னரசு. திண்டிவனத்தில் தேவநாதன் என்கிற இன்ஜினியரிடம் பதினாறு வருடமாக வீட்டு பிளான் வரைகிறேன். சாமி அறை எந்த மூலை, கக்கூஸ் எந்த மூலை என்று வருகிறவர்கள் ஆளுக்கொரு வாஸ்து சொல்வார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் கோடாக்குவது என் பிழைப்பு. பெரிய கட்டடம் என்றால் அட்டையில் மாதிரியும் செய்து கொடுப்பேன். கை நல்ல கை, வாய்தான் சரியில்லை என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் முழு அட்டையையும் கிழித்துப் போடுகிற ஆள் நான்.

விழுப்புரத்தில் வருடா வருடம் டிசம்பர் முதல் வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதிரிக் கண்காட்சி நடக்கும். போன தடவை செஞ்சிக் கோட்டையைச் செய்து கொண்டுபோனேன். ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஆறுதலை யார் கேட்டது? முதல் பரிசு, நிஜமாகவே மேலும் கீழும் போய்வருகிற லிஃப்ட் வைத்த ஒரு கட்டடத்துக்குப் போனது. எதுவாவது அசைந்தால், எரிந்தால்தான் நடுவர்கள் குனிந்தே பார்க்கிறார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்தது விமான ஹாங்கர். விமானத்தை உள்ளே தள்ளி நிறுத்தி ரிப்பேர் பார்க்கிற பெரிய கொட்டகை. உள்ளே இருபத்து நான்கு விளக்குகள், அத்தனையும் எரிய வேண்டும்.

ஹாங்கர் என்று தோன்றியதற்குக் காரணம் என் அக்கா இருதயமேரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கூட்டேரிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். சென்னையில் ஒரு ஹாங்கரில் காண்ட்ராக்ட்காரர் மூலமாகப் பதினான்கு வருடம் தரை துடைத்தாள். வாரத்தில் ஆறு நாள் பல்லாவரத்தில் நாலு பெண்களோடு ஓர் அறை. ஞாயிறு மட்டும் ஊர். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அங்கே எடுத்த ஒரு போட்டோ கிடையாது. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது கழுத்தில் தொங்கிய அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. ஆக, பதினான்கு வருடத்துக்கு அவள் கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை.

தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. அவள் நாத்தனார் பரிமளா முகத்துக்கு நேராகவே கேட்பாள்: "ஏரோபிளான் பக்கத்துல உன்ன வுட்டாங்களாக்கும்? எவ வூட்லயோ பாத்திரம் தேச்சிட்டு வந்து இங்க கதை வுட்டுக்கினு கீறியே அண்ணி!" எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். ஆனால் அது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, எனக்குத் தெரியும்.

தெரிந்த நான் என்ன செய்தேன்? ஆபீசில் சேர்ந்த புதிதில் தேவநாதன் சார் குடும்பத்தை விசாரித்தபோது, "அக்கா ஏர்போர்ட்ல இருக்காங்க சார்" என்றேன். அது பொய் இல்லை. "ஸ்டாஃபா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அது பொய். அடுத்த வருடம் அது கிரவுண்ட் ஸ்டாஃப் ஆயிற்று. போன வருடம் அவர் மகளுக்கு ஏர்லைன்ஸ் வேலை பற்றி அக்காவிடம் விசாரிக்கச் சொன்னார். அக்காவுக்கு எப்போதும் ஷிஃப்ட், போனே எடுக்கமாட்டாள் என்று சொல்லித் தப்பித்தேன். இப்படி ஒரு பொய்யைப் பதினாறு வருடம் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தேன். சுவருக்கு ஃபோம் போர்டு, கூரைக்கு அலுமினியத் தகடு, விமானத்தின் உடம்புக்கு இரண்டங்குல பி.வி.சி. குழாய். இன்டர்நெட்டில் ஐம்பது போட்டோ பார்த்து வைத்திருந்தேன், எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா பஸ் ஏறி வந்தாள். இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இன்னாடா இது, மாட்டுக் கொட்டாயா?"

"ஹாங்கர்க்கா."

"எங்கடா கீது இப்பிடி ஒரு ஹாங்கரு? தரையப் பாரு, புழுதி பூத்த மாதிரி. தரை பளபளன்னு இருக்கும்டா. மேல எரியற லைட்டு அத்தினியும் கீழ தெரியும். பதினாலு வருசம் தொடச்சவ சொல்றேன், நீ போட்டோவப் பாத்துக்கினு கீறே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் அன்று மாலையே தரைக்கு வார்னிஷ் அடித்தேன். மூன்று கோட்டு. காய்ந்த பிறகு பார்த்தால், அவள் சொன்னதுதான் சரி. அது வரைக்கும் அட்டைப் பெட்டியாக இருந்தது ஹாங்கராக மாறிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். மஞ்சள் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியும், தீயணைக்கும் சிவப்பு உருளைகள் எத்தனை, எண்ணெய் சொட்டுகிற இடத்தில் வைக்கிற தட்டு எவ்வளவு அகலம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தரையிலிருந்து பார்த்தவளுக்குத் தெரிவது வேறு. விளக்கு விஷயத்தில்தான் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டாள். ஆறு ஆறாக நாலு வரிசை. வரிசைக்கு ஒரு சுவிட்ச். கடைசி வரிசையை முதலில் போட வேண்டும், வாசல் வரிசை கடைசியில். போட்டதும் பளிச்சென்று எரியக் கூடாது, தூங்கி எழுந்தவன் கண்ணைத் திறப்பது போல மெதுவாக வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிசைக்கும் கன்டென்சர் வைத்து மறுபடி சால்டரிங் பண்ணினேன். விரலில் இரண்டு கொப்புளம்.

"ரெண்டாவது வரிசைல மூணாவது லைட்டு இருக்குதே, அது மட்டும் மினுக்கிக்கினே இருக்கும்" என்றாள்.

"ஏன், ரிப்பேர் பண்ணமாட்டாங்களா?"

"பண்ணுவாங்க. மறுபடி மினுக்கும். அதுக்குக் கீழதான் நான் மொதல்ல வாளிய வெப்பேன். அது மினுக்குனாதான் எனக்கு வேலைக்கி வந்த மாதிரியே இருக்கும்."

அவள் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் மெழுகுவத்தி ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிறு அதை எடுத்து வந்தாள். நான் அதை உடைத்து, மினுங்குகிற அந்தக் குட்டி பல்பை எடுத்து மூன்றாவது இடத்தில் பொருத்தினேன். மற்றவை வெள்ளை, இது மட்டும் லேசான மஞ்சள். சுவிட்சைப் போட்டதும் அது துடித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "அதேதான்டா, அதேதான்" என்றாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு ஒயரைச் சுற்றினேன்.

பொம்மை வந்தது நவம்பர் கடைசி ஞாயிறு. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற மண் பொம்மைகளில் ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி உண்டு, கையில் கோலோடு நிற்பாள். அக்கா தன் செட்டிலிருந்து அவளை எடுத்து, புடவைக்கு மேல் நீலக் கோட்டு, அதற்கு மேல் வெள்ளிப் பட்டை போட்ட மஞ்சள் சட்டை என்று பெயிண்ட் அடித்திருந்தாள். காது குடைகிற பட்ஸால் அடித்தது. கோலை எடுத்துவிட்டுத் தீக்குச்சியில் நூல் கட்டி ஒரு மாப்பு. மூக்கு கண் எல்லாம் கொஞ்சம் வழிந்திருந்தது. ஆனால் பார்த்தவுடனே தெரிந்தது அது யார் என்று.

"என்னைய இங்க வெச்சிரு" என்றாள், மூன்றாவது விளக்குக்கு நேர் கீழே விரலை வைத்து.

"அக்கா, இது ஸ்கேல்ல வராது. நீ ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கணும். இது பன்னிரண்டு அடி ஆளு."

"இருக்கட்டுமே. தூரத்துல நின்னு பாத்தா தெரிய வேணாமா? தெருவுல ஒம்பது பேரக் கூட்டியாறேன், பரிமளாவும் வர்றா. எல்லாரும் பாக்கட்டும் நான் எங்க நின்னேன்னு." பிறகு குரலை இறக்கினாள். "ஒருவாட்டி பாத்துட்டாங்கன்னா போதும்டா. அப்புறம் ஒரு வாயும் பேசாது."

சரி, வைக்கிறேன் என்றேன். அவள் கண் முன்னாலேயே ஒரு சொட்டுப் பசை போட்டு நிற்க வைத்தேன். அளவுக்கு ஒவ்வாமல் மலை மாதிரி நின்றாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மனைவி கலையரசி காபி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க அண்ணிய இவ்ளோ அழகா யாரும் வரைஞ்சதில்ல" என்று தன் நாத்தனாரையே கேலி செய்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

கண்காட்சி சனிக்கிழமை. குட்டி யானை லோடு வண்டியில் ஹாங்கரை ஏற்றி, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, விக்கிரவாண்டி தாண்டும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் மேசை போட்டு வைத்து விளக்குகளைப் போட்டதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பத்தரை மணிக்கு தேவநாதன் சார் வந்தார். என் தோளைத் தட்டினார். குனிந்தார்.

"பிரமாதம்ப்பா. அது யாரு, கைல தொடப்பம் வெச்சிக்கினு?"

நான் மேசை விரிப்பை இழுத்துவிட்டேன்.

"பெருக்கறவங்களா? நல்லா தமாஷா வெச்சிருக்க போ" என்று சிரித்தார். "உங்க அக்காவக் கேட்டிருக்கலாமே, ஸ்டாஃப் யூனிஃபார்ம் எல்லாம் கரெக்ட்டா சொல்லியிருப்பாங்க. இன்னிக்கு வர்றாங்களா? வந்தா அறிமுகப்படுத்து, பொண்ணு விஷயமா பேசணும்."

"வூட்ல பொண்ணு வெளையாட்டா வெச்சிட்டா சார். நான் கவனிக்கல" என்று என் வாய் சொன்னது. என் கை உள்ளே போய்ப் பொம்மையைப் பிடித்தது. பசை நன்றாகப் பிடித்திருந்தது, இழுத்தேன். வார்னிஷோடு சேர்ந்து ஒரு சில்லு பெயர்ந்து வந்தது, தரையில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாகத் தழும்பு. பொம்மையைச் சட்டைப் பையில் போட்டேன். என் மகள் அஸ்வினி அந்த ஹாங்கரைத் தொட்டதுகூட இல்லை. அவள் தலையிலும் ஒரு பழி.

ஸ்கேல் தப்பாக இருந்தது, எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பக்கூடச் செய்தேன், ஒரு அரை மணி நேரம்.

பதினோரு மணிக்கு நடுவர் அன்புச்செல்வி மேடம் என் மேசைக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிற பழக்கம். அவர் குனிந்த அதே நேரம் வாசலில் அக்கா தெரிந்தாள். ஆரஞ்சுப் பட்டுப்புடவை, தலை நிறைய பூ, பின்னால் பரிமளா, தெருக்காரி சின்னபொண்ணு என்று ஒன்பது பேர். அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வருவது போல வந்திருந்தார்கள். அக்காவின் கையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை அவித்துக் கட்டிய பை. சூட்டில் பை வியர்த்திருந்தது.

"இந்தத் தரை" என்றார் மேடம். "இது எப்படி இவ்வளவு சரியா வந்தது? படத்துல பாத்து இதைச் செய்ய முடியாது. உள்ள வேலை பாத்தவங்க யாராவது சொன்னாங்களா?"

தேவநாதன் சார் என் பக்கத்தில். அக்கா மேடத்துக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில்.

"ஒரு இன்ஜினியர் ஃப்ரெண்டு சொன்னாரு மேடம்."

அக்கா அதைக் கேட்டாளா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் கண் ஹாங்கருக்குள் தன்னைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாவது விளக்குக்குக் கீழே வந்து நின்றது. அந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.

மேடம் பேனாவால் சுட்டினார். "இந்த ஒரு லைட்டு மட்டும் லூஸ் கான்டாக்ட் போல."

"ஆமா மேடம், வண்டியில வரும்போது ஆட்டத்துல..."

"இல்லீங்க மேடம்." அக்காவின் குரல். தாங்க முடியாமல் வந்துவிட்டது. "அது அப்பிடித்தாங்க எரியும். ரெண்டாவது வரிசைல மூணாவது. அது மினுக்கிக்கினேதான் இருக்கும்."

மேடம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பதிலை நான் சொல்ல வேண்டும் என்று விட்டாள். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். தேவநாதன் சாரும் பார்த்தார். 'என் அக்கா.' இரண்டு வார்த்தை. இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், வாயைத் திறந்தால் தானாக வந்திருக்கும்.

"தெரிஞ்சவங்க மேடம். ஊர்க்காரங்க" என்றேன்.

பாவி. சண்டாளன். இன்னும் எத்தனை வார்த்தை இருக்கிறதோ அத்தனையும் எனக்கு நானே போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் போதவில்லை.

அக்காவின் முகம் ஒரு நொடிதான் கறுத்தது. உடனே சிரித்துவிட்டாள். "ஆமாங்க மேடம். கூட்டேரிப்பட்டு. சும்மா வேடிக்க பாக்க வந்தோம்" என்றாள். பரிமளாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னா அண்ணி, நீ நிக்கறேன்னு சொன்னியே, எங்க நிக்கறே?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அன்னிக்கி எனக்கு லீவுடி" என்றாள் அக்கா.

போகும்போது பையை நீட்டினாள். "இந்தாங்க தம்பி, மல்லாட்ட. சாப்புடுங்க." நான் பிறந்ததிலிருந்து என்னை அவள் டேய் என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'ங்க' என்னைக் காப்பாற்றப் போட்டது. வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "நன்றிங்க" என்று வேறு சொன்னேன்.

முதல் பரிசு எனக்குத்தான் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் முதலாளிக்கு நன்றி, என் மனைவிக்கு நன்றி, அந்த இன்ஜினியர் நண்பருக்கும் நன்றி என்றேன். கைதட்டினார்கள். இல்லாத ஓர் ஆளுக்கு முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

வீட்டில் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை கலையரசி துணி துவைக்க என் சட்டைப் பையைத் துழாவினாள். பொம்மை வந்தது. தீக்குச்சி மாப்பு இரண்டாக உடைந்திருந்தது. அவளுக்கு ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. ஞாயிறு மாலையே பரிமளா போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டாளாம். திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாளாம். மயிலம் மலை தெரிகிற இடத்தில் சின்னபொண்ணு சொன்னாளாம்: "பாவம், வுடுங்கடி. எங்கயோ வூட்டு வேலதான் செஞ்சிருக்கும். கூடப் பொறந்தவனே யாரோன்னு சொல்லிட்டானே."

கலையரசி எனக்கு எப்போதும் ங்க போட்டுத்தான் பேசுவாள். அன்று விட்டுவிட்டாள். "மனுசனா நீ? அந்தம்மா நாலு மாசம் பஸ்ஸு ஏறி எறங்கி வந்து உனக்கு ஒண்ணொண்ணா சொல்லிக்குடுத்துச்சே. ஒரு வார்த்த உனக்கு வரலியா? வெக்கமா இல்ல?"

"ஸ்கேல்..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்கேலு! பேஜாரு புடிச்ச ஸ்கேலு. எடுத்து உன் தலைல போட்டுக்கோ." பொம்மையை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ஆபீசுக்குப் போனதும் தேவநாதன் சாரிடம் சொன்னேன். கிரவுண்ட் ஸ்டாஃப் இல்லை சார், தரை துடைத்தாள், சனிக்கிழமை வந்தது அவள்தான் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா நான் இன்னாப்பா சொல்லப்போறேன்?" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. அவர் முகம் சுளித்திருந்தால்கூட என் பொய்க்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒன்றுமே இல்லாததற்குப் பயந்து நான் என் அக்காவை விற்றிருக்கிறேன்.

அக்காவுக்கு மட்டும் போன் செய்ய முடியவில்லை. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவளும் செய்யவில்லை. ஞாயிறு வந்தது, அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை அதே குட்டி யானையை வரவழைத்தேன். ஹாங்கரை ஏற்றினேன். கலையரசியும் அஸ்வினியும் முன்னால், நான் பின்னால் ஹாங்கரைப் பிடித்துக்கொண்டு. சட்டைப் பையில் பொம்மை, புது மாப்போடு. தெருவே கூடி இருக்கும், அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

அக்கா வீட்டு வாசலில் வைக்கோல் போட்டுக் குடில் வைத்திருந்தாள். பெண்கள் பூசை முடிந்து புதுப்புடவையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "வாடா" என்றாள் அக்கா. டேய் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. அவசரப்பட்டுவிட்டேன், அது பிறகு தெரிந்தது.

குடிலுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு ஹாங்கரை வைத்து, ஒயரை இழுத்து பிளக்கில் சொருகினேன். பொம்மையை எடுத்துத் தழும்பின் மேல் நிற்க வைத்தேன், வெள்ளை மறைந்தது. திரும்பி நின்று சொன்னேன். "இதான் எங்க அக்கா வேல செஞ்ச எடம். பதினாலு வருசம். இதுல இருக்கறது எல்லாம் அவ சொல்லித்தான் நான் செஞ்சேன். அன்னிக்கி விழுப்புரத்துல நான் சொன்னது பொய்யி. எனக்கு வெக்கமா இருந்துது, அதான் சொன்னேன். தப்பு என்னுது."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைப் பார்க்காமல் சுவிட்சுகளுக்கு நேராக நின்றாள்.

"தள்ளுங்கடி, மறைக்காதீங்க. மொதல்ல கடைசி வரிசைதான் போடணும். பாருங்க, ஒடனே வராது. மெதுவா வரும்." போட்டாள். வந்தது. "இது மூணாவது வரிசை. இப்ப ரெண்டாவது போடப்போறேன். இதுல மூணாவது லைட்ட மட்டும் பாத்துக்கினு இருங்க."

போட்டாள். ஐந்து விளக்குகள் நிதானமாக எரிய, ஒன்று மட்டும் மஞ்சளாகத் துடித்தது. பட்டப்பகலிலும் கூரைக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது, தரையிலும் தெரிந்தது. "அய்ய, ஆமா!" என்றாள் சின்னபொண்ணு. பரிமளா குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். "ஏரோபிளான் இம்மாம் கிட்டயா நிக்கும் அண்ணி?" என்றாள், கேலி இல்லாமல். "ரெக்கைக்குக் கீழ குனிஞ்சி போவேன்டி. நிமிந்தா தலைல இடிக்கும்" என்றாள் அக்கா. பிறகு ஆளுக்கொரு கேள்வி. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் ஜெயித்துவிட்டாள், எனக்குத் தெரிந்தது. நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

கேள்விகள் ஓய்ந்ததும் அக்கா ஹாங்கருக்குள் கையை விட்டாள். பொம்மையை எடுத்தாள். தழும்பு மறுபடி தெரிந்தது. "இதுக்கு இந்த எடம் பத்தாது. ஸ்கேலு தப்பு" என்று தனக்குள் சொல்வது போலச் சொல்லி, குடிலில் ஆடுகளுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே அவள் சரியான உயரத்தில் இருந்தாள்.

அப்போது எதிர்வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெண் குடிலை எட்டிப் பார்த்தாள். ஹாங்கர் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "மாட்டுக் கொட்டாயில மாப்பு வெச்சிக்கினு நிக்குதே, யாருக்கா இது?" என்றாள்.

அக்கா நிமிரக்கூட இல்லை. வைக்கோலைச் சரிசெய்துகொண்டே, சிரித்த முகமாக, என் பக்கம் லேசாகத் தலையை ஆட்டிச் சொன்னாள்:

"அதுவா? எங்க தம்பிக்கித் தெரிஞ்சவங்க. ஊர்க்காரங்க."

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கலையரசியும் சிரித்தாள். நான் ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.